அடுத்த வாரப் பதக்கம்

முப்பது வருடங்களுக்கு முன்பு பாலிங் திடலில் தேவனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதக்கம் இன்னும் வந்து சேரவில்லை. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கெடா தோட்ட நகர இந்தியர் காற்பந்துச் சம்மேளனத்தில் யாருக்கும் எண்ணம் என்று ஒன்று இருந்ததில்லை, நடைமுறைதான் இருந்தது.

அந்த வருடம் சம்மேளனக் கிண்ணத்தைச் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டக் குழு வென்றது. இறுதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம். தேவன் கோல் காவலர். அவருக்கு முன்னால் தற்காப்பில் நின்றவர் பரஞ்சோதி. பதக்கம் வாங்க மேடைக்கு முன்னால் வரிசை நின்றபோது, வழக்கப்படி கோல் அடித்தவர்கள் முன்னால் நின்றார்கள், கோல் காவலர் கடைசியில் நின்றார். ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது வந்திறங்கிய சிறப்பு விருந்தினருக்கு ஒரு நினைவுத் தட்டு கொடுப்பதாக ஏற்பாடு. அந்தத் தட்டை அலோர் ஸ்டாரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். விருந்தினர் வெறுங்கையோடு வீடு திரும்புவது என்பது நம் சங்கங்களில் நடக்கக்கூடாத காரியம். ஆகவே பெட்டியில் மிச்சமிருந்த ஒரே பதக்கத்தை எடுத்து விருந்தினர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

“கோல் காவலருக்கு அடுத்த வாரம் கொடுக்கப்படும்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். தேவனும் கையுறையைக் கழற்றாமலே தட்டினார். பக்கத்தில் நின்ற பரஞ்சோதிக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரப்பர் கையுறை தட்டினால் பெரிய சத்தம் வராது.

இப்போது தேவனுக்கு அறுபது வயது. வாரத்தில் மூன்று நாள் சுங்கைப் பட்டாணியில் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் படுத்திருக்கிறார். பரஞ்சோதி ஒரு தொழிற்சாலையில் காவலர் வேலை பார்க்கிறார். இரண்டு வேலைநேரத்துக்கும் நடுவில் தன் பழைய காரில் தேவனை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும் கூட்டிக்கொண்டு வருவதும் அவர்தான். ஊசி குத்திக் குத்தித் தேவனின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முடிச்சு முடிச்சாக வீங்கிக் கிடக்கும். அந்த இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தடுத்த கை அது. பரஞ்சோதி அதைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“டேய் பரா, டாக்டரு இருதயமும் வீக்குன்னு சொல்லிட்டாரு லா” என்றார் தேவன் ஒரு நாள், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது. “அந்தப் பதக்கத்த ஒரு தடவ கைல வாங்கிப் பாத்துட்டா போதும்.”

“என்னோடது வீட்டுல சும்மாதான் தொங்குது. கொண்டாந்து தரேன்.”

“வேணாம். அது ஒன்னோடது. எனக்கு அவங்க கையாலதான் வேணும். நான் அன்னைக்கு வேல செஞ்சேனா இல்லியான்னு அவங்க வாயால சொல்லட்டும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பரஞ்சோதி மறு வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு மெர்கோங் போனார்.

சம்மேளன அலுவலகம் மெர்கோங்கில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க முன்னாள் தலைவர்களின் படங்கள். பந்தின் படம் ஒன்றுகூட இல்லை. செயலாளர் திவாகரன் நாற்பது வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். பரஞ்சோதியை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, பழைய கோப்பைத் தேடி எடுத்தும் விட்டார். அந்த வேகத்தைப் பார்த்துப் பரஞ்சோதி காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்.

“இதோ இருக்கு, அண்ணே. தேவன், கோல் காவலர். ஆட்டங்கள் ஏழு. பங்களிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல சைபர்.”

“சைபரா?”

“கோல் ஒண்ணும் அடிக்கலியே.”

“அவன் கோல்கீப்பர், தம்பி. ஏழு ஆட்டத்துலயும் ஒரு கோல்கூட விடல.”

“விடாததுக்குக் கட்டம் இல்லண்ணே. நடந்தத எழுதலாம். நடக்காதத எப்படி எழுதுறது?” திவாகரன் உண்மையாகவே வருத்தப்பட்டார். “இதுல ஒரு சூசா, சிக்கல் இருக்கு லா. சைபர் பங்களிப்புக்குப் பதக்கம் கொடுத்தா, கோல் அடிக்காதவங்களும் கிண்ணம் ஜெயிச்சுக் கொடுக்குறாங்கன்னு சம்மேளனம் கொள்கையளவுல ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்கு மொதல்ல கொள்கை வேணும். நீங்க ஒரு போராங் நிரப்பிக் குடுங்க. நான் செயலவையில வைக்கிறேன்.”

பரஞ்சோதி படிவத்தை நிரப்பினார். ‘விண்ணப்பதாரர் அடித்த கோல்கள்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்.

செயலவை கூடியது, கூடிய வேகத்தில் இரண்டாக உடைந்தது. தலைவர் யோகேந்திரன், டத்தோ பட்டம் வாங்கியவர், அந்த இறுதி ஆட்டத்தில் ஒரே கோலை அடித்தவர். அந்தக் கோலைச் சொல்லிச் சொல்லியே வார்டு, வட்டாரம், மாநிலம் என்று ஏறி வந்தவர். துணைத் தலைவர் புவனேஸ்வரன் வேறொரு குழுவில் தற்காப்பு ஆடியவர், அடுத்த தேர்தலில் தலைவராக விரும்புகிறவர். கிண்ணத்தை வெல்வது தாக்குதல்தான் என்று டத்தோ சொன்னதும், தற்காப்புதான் என்று புவனேஸ்வரனுக்கு உடனே ஞானம் பிறந்தது. மூன்று கூட்டங்கள் நடந்தன. கூட்டக் குறிப்பில் டத்தோவின் பெயர் எண்பது இடத்திலும் புவனேஸ்வரன் பெயர் எழுபத்தொன்பது இடத்திலும் இருந்தது. தேவன் பெயர் ஓர் இடத்தில் இருந்தது, எழுத்துப் பிழையோடு. கடைசியில் ‘கிண்ணத்தை வெல்வது தாக்குதலா, தற்காப்பா?’ என்று ஒரு கருத்தரங்கு நடத்துவதென முடிவானது.

கருத்தரங்கு சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கை ஒன்பது பேர் ஏற்றினார்கள். ஏழாவது ஆள் ஏற்றும்போது முதல் திரி அணைந்துவிட்டதால் முதல் ஆளை மறுபடியும் அழைக்க வேண்டியதாயிற்று. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்தியவர்களை வாழ்த்தி ஓர் உரை. பொன்னாடைகள் போதாமல் போய், முதலில் வாங்கியவர்களிடமிருந்து திரும்ப வாங்கி அடுத்தவர்களுக்குப் போர்த்தினார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மண்டபத்தைக் காலி செய்தாக வேண்டும், கல்யாண வரவேற்பு இருக்கிறது. தாக்குதலா தற்காப்பா என்ற விஷயத்துக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால்.

டத்தோ யோகேந்திரன் எழுந்தார். பேச்சில் கைதேர்ந்தவர், தாளும் கிடையாது.

“அன்பு உறவுகளே, நான் மனசாட்சியத் தொட்டுப் பேசுறவன். அந்த ஃபைனல்ல எண்பத்தெட்டு நிமிஷம் நான் எதிரி கோலுக்குப் பக்கத்துல தனியா நின்னேன். பந்து வரவே இல்ல. நம்ம கோலுக்கு முன்னால ஒரே தூசி. எல்லாரும் அங்க என்னமோ செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. என்னா செஞ்சாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, நான் பாக்கல. எண்பத்தொம்பதாவது நிமிஷம் எங்கிருந்தோ ஒரு பந்து வந்துச்சு. அடிச்சேன். கோல்! இப்ப சொல்லுங்க, கிண்ணத்த ஜெயிச்சது யாரு?”

மண்டபம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பரஞ்சோதி பாதி எழுந்துவிட்டார். எங்கிருந்தோ வந்த பந்து அல்ல அது. எதிரணிக்கு அப்போது பெனால்டி கிடைத்திருந்தது. தேவன் இடது பக்கம் பாய்ந்து அதைப் பிடித்தார், விழுந்த வேகத்திலேயே எழுந்து, தூரத்தில் தனியாக நின்ற யோகேந்திரனுக்கு ஒரே உதையில் அனுப்பினார். இதைச் சொல்லத்தான் பரஞ்சோதி விடுப்பு எடுத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். சாட்சி என்ற முறையில் அவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றதும் திவாகரன் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். “மொதல்ல மேடையில உள்ளவங்கள விளிச்சுட்டுப் பேசுங்கண்ணே. அதான் முறை. ஒருத்தர விட்டாலும் வருத்தப்படுவாங்க.”

தாளில் முப்பத்து நான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் பட்டம், பின்னாலும் பட்டம். பரஞ்சோதி பயந்த மனுஷன், ஒன்றையும் விடாமல் படித்தார். முப்பத்தோராவது பெயரில் மணி அடித்தது.

“ரொம்ப ஆழமான கருத்துண்ணே” என்று திவாகரன் கை குலுக்கி இறக்கிவிட்டார். கல்யாண வீட்டார் பூ அலங்காரத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள். கருத்தரங்கில் முடிவு எட்டப்படவில்லை, ஆகவே கேள்வியைத் திடலிலேயே செயல்முறையாகச் சோதித்துப் பார்ப்பது என்று நடந்துகொண்டே தீர்மானம் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் தேவன் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். முகம் ஊதியிருந்தது.

“என்னா ஆச்சு? என்னப் பத்திச் சொன்னியா?”

“ஆரம்பிச்சேன்டா” என்றார் பரஞ்சோதி.

தேவனின் மனைவி பிரேமாவதி காப்பி கொண்டுவந்து வைத்தார். தேவனுக்குக் கால் கப்தான், அளவு உண்டு. “அண்ணே, ஒரு பதக்கத்துக்கு இவ்வளவு வேல இருக்குதா?” என்று கேட்டார். 

செயல்முறைச் சோதனைக்கு ஒரு துணைக்குழு போட்டு, ஆறு வாரம் உட்கார்ந்து விதிகள் எழுதினார்கள். ஆட்டம் சுங்கை லாலாங் திடலில். ஒரு பக்கம் தாக்குதல் அணி, பதினோரு பேரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். கோல் காப்பது தற்காப்பு என்பதால் அவர்களுக்குக் கோல் காவலர் கிடையாது. பந்துக்காகத் தங்கள் பாதிக்குத் திரும்பி ஓடுவதும் தற்காப்பு, ஆகவே அதுவும் தடை. மறுபக்கம் தற்காப்பு அணி. அவர்கள் யாரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அது தாக்குதல். ஒரு மணி நேரத்துக்குள் தாக்குதல் அணி கோல் போட்டால் கிண்ணத்தை வெல்வது தாக்குதல். போடாவிட்டால் தற்காப்பு, தேவனுக்குப் பதக்கம். எல்லோருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்க வேண்டும்.

தாக்குதல் அணிக்கு டத்தோ தலைவர், தற்காப்பு அணிக்குப் புவனேஸ்வரன். ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடம், படம் எடுத்து முடித்ததும், முட்டி வலிக்கிறது என்று புவனேஸ்வரன் வெளியே போய்விட்டார். பரஞ்சோதி ஐம்பத்தெட்டு வயதில், முப்பது வருடத்துக்கு முன்பு நின்ற அதே தற்காப்பு இடத்தில் நின்றார்.

தேவனைப் பிரேமாவதி பரஞ்சோதியின் காரில் கூட்டிவந்திருந்தார். கோலுக்குப் பின்னாலேயே வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தார். தேவன் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் வெறும் பார்வையாளராக இருந்தார். அதற்குமேல் முடியவில்லை.

“பரா! எடது பக்கம் ஆள் வரான்! … ஏய், லைன விடாத! … குண்டா, நீ அவன்கூடயே ஒட்டிக்கோ!”

அந்தக் குரல் மட்டும் மாறவே இல்லை. பரஞ்சோதிக்கு மூச்சு வாங்கியது, தொடை பிடித்துக்கொண்டது, ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததும் பயம் போய்விட்டது. சொன்ன இடத்துக்கு ஓடினார், சொன்னபோது நின்றார். பந்து கம்பத்தில் பட்டது, முகத்தில் பட்டது, யாரோ ஒருவரின் பல்செட்டில் பட்டது. கோலுக்குள் மட்டும் போகவில்லை. ஐம்பத்தெட்டாவது நிமிடம் வரைக்கும் பூஜ்யம்.

ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் டத்தோ யோகேந்திரன் தனியாகப் பந்தோடு உள்ளே வந்துவிட்டார். கோல் காவலர் வழுக்கி விழுந்து கிடந்தார். திறந்த கோல்.

“வெளிய அடி, பரா! அடிச்சுத் தூக்கு!”

பரஞ்சோதி குறுக்கே விழுந்து, உடம்பில் இருந்த மிச்ச பலத்தையெல்லாம் காலில் வைத்து உதைத்தார். பந்து டத்தோவின் தலைக்கு மேலே பறந்தது. நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த திடல். பந்து குதித்தது, பிறகு உருண்டது. தாக்குதல் அணியின் பதினோரு பேரும் இந்தப் பாதியில் நின்று அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஓடப் போனார். “விதி! விதி!” என்று பந்தலிலிருந்து திவாகரன் கத்தியதும் நின்றுவிட்டார். ஆளில்லாத பாதியில் பந்து அவசரமில்லாமல் போய், ஆளில்லாத கோலுக்குள் நுழைந்தது.

தேவன் காரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்துப் பிரேமாவதி பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

துணைக்குழு பந்தலுக்குள் ஒரு மணி நேரம் கூடிப் பேசியது. பிறகு திவாகரன் ஒலிவாங்கியில் முடிவை வாசித்தார்.

“இன்றைய ஆட்டத்தில் ஒரு கோல் விழுந்துள்ளது. நான்காவது விதி, ஆ பிரிவின்படி கோல் அடிப்பது தாக்குதல் நடவடிக்கையாகும். ஆகவே ஆட்டத்தை வென்றது தாக்குதலே. தற்காப்பு அணியும் வெல்வதற்குத் தாக்குதலையே நாட வேண்டியிருந்தது என்பது இதன்மூலம் ஐயமற நிரூபணமாகிறது. சிறந்த தாக்குதல் ஆட்டக்காரருக்கான பதக்கம் திரு. பரஞ்சோதி அவர்களுக்கு வழங்கப்படுகிறது. இரசிகராகக் கலந்துகொண்ட திரு. தேவன் அவர்களுக்கு வருகைச் சான்றிதழ் வழங்கப்படும்.”

“அவங்க தோத்தது தற்காப்பு இல்லாததுனாலதானே?” என்று புவனேஸ்வரன் எழுந்தார். டத்தோ அவர் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது புவனேஸ்வரன் அடுத்த வருடக் கருத்தரங்கின் ஏற்பாட்டுக் குழுத் தலைவராக ஆகியிருந்தார், ஆட்சேபம் இல்லை.

“நான் அடிக்கல, வெளியதான் தள்ளுனேன்” என்று பரஞ்சோதி சொல்லிப் பார்த்தார். யோகேந்திரன் அவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனுஷனின் அக்குள் சென்ட்டு வாசனையோடு நிற்கையில்தான், தேவனின் பதக்கத்தைத் தன் காலாலேயே உதைத்துத் தள்ளிவிட்டோம் என்பது பரஞ்சோதிக்கு முழுசாக உறைத்தது. அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள்.

காருக்குப் போனார். பதக்கத்தைக் கழற்றி நீட்டினார். 

“வேணாம்டா” என்றார் தேவன். உதடு வறண்டிருந்தது. “கோல் அடிச்சவனுக்குக் கொடுத்தது அது. நான் எப்பக் கோல் அடிச்சேன்?” அவர் கையை மடக்கிவிட்டு, “நல்லா தூக்குனடா. நம்ம ஆட்டம் மாதிரியே இருந்துச்சு” என்றார். வருகைச் சான்றிதழை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அதிலும் பெயர் பிழையாகத்தான் இருந்தது.

பதினேழு நாள் கழித்து, காலையில் இயந்திரத்துக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தேவன் போய்விட்டார்.

சாவு வீட்டுக்குச் சம்மேளனம் முழுசாக வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்த மலர்வளையத்தில் சம்மேளனத்தின் பெயர் பெரிதாகவும், நடுவில் டத்தோவின் பெயர் அதைவிடப் பெரிதாகவும் இருந்தன. இறுதி மரியாதைக்கு வரிசை நின்றார்கள். வழக்கம்போல் பதவியில் உள்ளவர்கள் முன்னால், பரஞ்சோதி கடைசி.

டத்தோ இரங்கலுரை ஆற்றினார். “அன்னைக்கு அந்தப் பெனால்டிய இவரு பிடிக்கலன்னா நமக்குக் கிண்ணமே இல்ல. பிடிச்சு எனக்குப் பந்து கொடுத்ததே இவருதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றார்.

பரஞ்சோதி நிமிர்ந்து பார்த்தார். தேவன் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான், அந்த வாயிலிருந்துதான். கொடுப்பதற்கு இத்தனை சுலபமாகவா இருந்தது அது. போராங் இல்லை, துணைக்குழு இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போனால் போதும்.

“ஆகவே சம்மேளனத்தின் சார்பில் இங்கேயே அறிவிக்கிறேன்” என்று டத்தோ குரலை உயர்த்தினார். “இந்த வருடம் முதல் ‘தேவன் நினைவுப் பதக்கம்’ வழங்கப்படும். அதிகக் கோல் அடிக்கும் ஆட்டக்காரருக்கு!”

சாவு வீடு என்பதை மறந்து நாலைந்து பேர் கை தட்டிவிட்டார்கள். பிரேமாவதி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்ந்துகொண்டார். தேவன் இருந்திருந்தால் அவரும் தட்டியிருப்பார் என்று பரஞ்சோதிக்குத் தோன்றியது. பெட்டிக்குள் அவர் கைகளைச் சேர்த்து, கட்டைவிரல்களைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

வரிசை நகர்ந்து நகர்ந்து கடைசியில் பரஞ்சோதியின் முறை வந்தது. சட்டைப் பையிலிருந்து தன் முப்பது வருடத்துப் பழைய பதக்கத்தை எடுத்தார். நாடா சாயம் போயிருந்தது. இடது கையின் வீங்கிய முடிச்சுகளைத் தொடாமல், கட்டியிருந்த கைகளுக்கு அடியில் அதை மெதுவாகச் செருகினார். நழுவவில்லை, நின்றது. இந்தத் தடவை தேவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.